கதவு எங்கம்மா வரும்?

போன கார்த்திகையில் ஒருநாள் வீட்டு உரிமையாளர் படியேறி வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார். மகனுக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறது, இடவ மாதத்துக்குள் (நம் வைகாசி) பணயத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன், மாடியை ஒழித்துக் கொடுங்கள்.

பணயம் என்றால் தமிழில் வேறு அர்த்தம் தோன்றும். கொச்சியின் மட்டாஞ்சேரியில் அது வீடு பிடிக்கும் முறை. எங்கள் தென்காசிப் பக்கம் ஒத்தி என்போம், சென்னையில் லீஸ் என்கிறார்கள். சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது அதே பணம் வட்டியில்லாமல் கைக்கு வந்துவிடும். இந்த ஊரில் எத்தனையோ குடும்பங்கள் ஒரு பணயத்திலிருந்து இன்னொரு பணயத்துக்கு மாறியே பிள்ளைகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்திருக்கின்றன. நாங்களும் பதினோரு வருஷம் அப்படித்தான் இருந்தோம், செர்லாய்க்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில். ஒரு கூடம், ஒரு அறை, அடுப்படி, ஒரு கக்கூஸ்-குளியலறை. நான், வீட்டுக்காரர், எழுபத்தொரு வயது அத்தை, பதினொன்றாம் வகுப்பு மகள், ஐந்தாம் வகுப்பு மகன். சாயங்காலமானால் என்னிடம் கணக்கு டியூஷன் படிக்க எட்டுப் பிள்ளைகள்.

செய்தி கேட்டதும் தம்பி போனில் சொன்னான்: “யக்கா, இனிமே பணயம் கிணயம்னு அலையாத. பொண்ணு வளந்துட்டா. மூணு பெட்ரூமா பாத்து வாங்கிப் போடு.” அவன் சொன்னதில் தப்பில்லை. காக்கநாட்டுப் பக்கம் ஒரு அடுக்குமாடியில் போய்ப் பார்த்தோம். 1,380 சதுர அடி, ஒன்பதாவது மாடி. விற்பவரிடம் கார்பெட் ஏரியா எவ்வளவு என்று கேட்டேன். 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம் அந்தக் கணக்கைத்தான் சொல்லச் சொல்கிறது. வெளிச்சுவர், பால்கனி, குழாய்கள் இறங்கும் சந்து எல்லாம் கழித்து, வீட்டுக்குள் நாம் புழங்கும் தரை. 960 என்றார். மீதி 420 சுவரிலும் பால்கனியிலும் லிஃப்டிலும் படிக்கட்டிலும் எங்கள் பங்கு. அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து டேப்பைப் பிடித்து முதல்முறையாக எங்கள் மாடியை அளந்தேன். 410 சதுர அடி. ஐந்து பேர் பதினோரு வருஷம் வாழ்ந்த முழு வீட்டையும்விட அந்தக் கழிவு பெரியது. அதற்கும் சேர்த்து இருபது வருஷம் தவணை கட்ட வேண்டும், என் வீட்டுக்காரர் சம்பளத்தில் சரிபாதி.

அன்றைக்குத்தான் கேள்வியே வந்தது. எங்களுக்கு எவ்வளவு இடம் வேண்டும்? கிடைப்பது எவ்வளவு, கடன் தருவது எவ்வளவு என்று மூன்று மாதம் பேசியிருந்தோம். வேண்டியது எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லை.

கணக்கு சொல்லிக்கொடுப்பவள் நான், எண்ணைக் கண்டால் விடமாட்டேன். தேடிப் படித்தேன். கேரளத்தில் இந்தக் கேள்விக்குச் சட்டமே பதில் சொல்லியிருக்கிறது என்பது எனக்குப் புதிது. நிலச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்த 1970-இல், அடுத்தவர் மண்ணில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரர்களுக்கு அந்த மண்ணை விலைக்கு வாங்கும் உரிமை வந்தது. பஞ்சாயத்தில் 10 சென்ட், சிறிய நகராட்சியில் 5, மாநகரிலும் பெரிய நகராட்சியிலும் 3. மட்டாஞ்சேரி அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1967-இல், எர்ணாகுளத்தோடும் ஃபோர்ட் கொச்சியோடும் சேர்ந்து கொச்சி மாநகராட்சியாகிவிட்டிருந்தது. ஆகவே இங்கே 3 சென்ட். ஏறத்தாழ 1,300 சதுர அடி மண். ஒரு குடும்பத்துக்குத் தாராளம். அந்தக் குடும்பத்துக்கு மூன்று பிள்ளைகள், அவர்களுக்குத் தலா மூன்று என்று ஆகும்போதுதான் சிக்கல். எங்கள் சந்திலேயே அப்படிப் பிரிந்து பிரிந்து ஒரு சென்டுக்கு வந்து நிற்கும் வீடுகள் உண்டு. மேலே மேலே கட்டி, ஏணி மாதிரி செங்குத்தான படி வைத்து, அண்ணன் கீழே தம்பி மேலே.

அடுத்து 1972-இல் எம்.என். கோவிந்தன் நாயர் அமைச்சராக இருந்தபோது வந்த லட்சம் வீடு திட்டம். நடுவில் ஒரே சுவர், இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். செலவைக் குறைத்து ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தலைக்கு மேல் கூரை கொடுத்தது அந்தச் சுவர்தான். பிற்பாடு ஒரு வீட்டுக்காரர் இடித்துக் கட்ட நினைத்தால் மற்றவர் கூரையும் இறங்கும் என்ற நிலைக்குக் கொண்டுவந்ததும் அதே சுவர்தான். இப்போது கேரள அரசின் லைஃப் மிஷன் வீட்டுத் திட்டத்தில் 4 லட்சம் ரூபாயில் கட்டும் வீடு 400 சதுர அடியை ஒட்டி வருகிறது. மத்திய அரசின் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில் ஏழைகளுக்குக் குறைந்தது 30 சதுர மீட்டர், அதாவது 323 சதுர அடி. இன்னொரு கோடியில், வீடு 3,000 சதுர அடியைத் தாண்டினால் கேரள அரசு வருஷாவருஷம் கூடுதல் வரி போடுகிறது. 300-க்கும் 3,000-க்கும் நடுவில் எங்கோதான் எல்லாரும் இருக்கிறோம்.

2011 கணக்கெடுப்பில் கேரளத்தில் எண்ணிய சுமார் 1 கோடியே 12 லட்சம் கட்டடங்களில் ஏறத்தாழ 12 லட்சம் பூட்டிக் கிடந்தன. இதை மட்டும் என்னால் கடந்துபோக முடியவில்லை. தங்கள் தேவைக்கு மேல் கட்டினவர்கள் யாரையும் நான் குறை சொல்லவில்லை. வளைகுடாவில் ஒரே அறையில் ஆறு பேரோடு படுத்தவன் ஊரில் நான்கு அறை கட்டாமல் என்ன செய்வான். ஆனால் அந்தப் பூட்டையும் எங்கள் சந்தின் ஒரு சென்டையும் சேர்த்துப் பார்த்தால் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

துருத்திக்குப் போனது அப்போதுதான். ஃபோர்ட் கொச்சி பக்கம் துருத்தி, கல்வத்தி, கோஞ்சேரி காலனிகளில் நெருக்கியடித்து இருந்த 394 குடும்பங்களுக்கு இரண்டு கோபுரங்கள் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். ராஜீவ் ஆவாஸ் யோஜனாவில் தொடங்கி, பல வருஷம் நின்று நின்று நடந்து, 2025 செப்டம்பரில் திறந்தது. ஒன்று பதினொரு மாடி, 199 வீடு. மற்றது பதின்மூன்று மாடி, 195 வீடு. முதல் கோபுரத்தில் ஒரு வீடு 300 சதுர அடி அளவு. அதற்குள் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, அடுப்படி, பால்கனி. கக்கூஸ் இரண்டு.

அங்கே வீடு கிடைத்த ஒரு அம்மா என்னை உள்ளே கூட்டிப்போய் முதலில் காட்டியது அந்த இரண்டாவது கக்கூஸைத்தான். கதவைத் திறந்து, லைட்டைப் போட்டு, குழாயைத் திருகி, தண்ணீர் விழுவதைக் காட்டினார். கடல் ஓதம் பெருகும் நேரத்தில் வாசலில் தண்ணீர் ஏறும் குடிசையில், பத்துப் பேருக்கு ஒன்று என்று பாதி வாழ்நாளைக் கழித்தவர். 300 சதுர அடிக்குள் இரண்டு எதற்கு, அந்த இடத்தைக் கூடத்தோடு சேர்த்திருக்கலாமே என்று வரைபடத்தைப் பார்த்து நானே நினைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது. வரைபடம் போட்டது யாரோ, விடியற்காலையில் வரிசையில் நின்ற பெண்ணின் சங்கடம் தெரிந்தவர்.

இன்னொன்றும் அங்கே சரியாக நடந்திருக்கிறது. இருந்த இடத்தைவிட்டுத் தூக்கி எறியவில்லை. சென்னையில் கூவக்கரையிலும் அடையாற்றங்கரையிலும் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பிய கதை நமக்குத் தெரியும். அங்கே சுவர் கிடைத்தது; வேலையும் பள்ளிக்கூடமும் கைமாற்றுக் கடன் தரும் கடைக்காரரும் போய்விட்டார்கள். துருத்தியில் மீன்காரர் அதே துறைக்குத்தான் காலையில் போகிறார்.

ஆனால் ஒரு விஷயத்தில் என் மனசு ஒப்பவில்லை. இந்தியாவில் இப்படிப்பட்ட பல திட்டங்களில் உள்ள விஷயம் இது. “ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு” என்று எழுதும்போது குடும்பம் என்பதை ஒரு அளவாக வைத்துக்கொள்கிறார்கள். புதுசாகக் கல்யாணமான இருவருக்கு 300 போதும், மனசு நிறையும். பாட்டி, அம்மா, அப்பா, வயசுக்கு வந்த மகள், இரண்டு பையன்கள் என்றால் அதே 300, அதே ஒரே படுக்கையறை. ஒரே அறையில் மூன்று பேருக்கு மேல் இருந்தால் இட நெருக்கடி என்பது ஐ.நா. வாழிட அமைப்பின் அளவுகோல். நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு புழங்கும் அறைக்குக் குறைந்தது 9.5 சதுர மீட்டர், இரண்டு அறை என்றால் இரண்டாவதற்கு 7.5 என்கிறது. அதாவது 102 சதுர அடி, 81 சதுர அடி. விதி அறையை அளக்கிறது. தலையை எண்ணி, வயதைக் கேட்டு, ஒரே மாடியில் சின்னதும் பெரியதுமாகக் கட்டிக் கொடுத்தால் கூடுதல் செலவு பெரிதாக வராது. இதை நான் அழுத்திச் சொல்வேன்.

வீட்டுக்கு வந்து எங்கள் ஐந்து பேரையும் அப்படியே எண்ணிப் பார்க்கலாம் என்று ஒரு நாற்பது பக்க நோட்டை அடுப்படி ஆணியில் தொங்கவிட்டேன். ஒரு வாரம். யார், எந்த நேரம், எங்கே, என்ன செய்தீர்கள், அவரவரே எழுத வேண்டும். அத்தைக்காக நான் எழுதினேன். பையன் முதல் நாளே “விளையாட்டு - ரோடு” என்று ஆறு வரி எழுதிவிட்டு விட்டுவிட்டான்.

வாரக் கடைசியில் உட்கார்ந்து கூட்டினேன். நாள் முழுக்க நெருக்கடி என்று நினைத்துக்கொண்டிருந்தது தப்பு. நெருக்கடி மூன்று வேளைதான். காலை ஐந்தரையிலிருந்து எட்டு. சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழரை, டியூஷன் நேரம். ராத்திரி பத்துக்கு மேல். மற்ற நேரமெல்லாம் 410-இல் பாதி சும்மா கிடந்தது. பொருள்களையும் அளந்தேன். இரண்டு பீரோ, சீர்வரிசைப் பாத்திரம் அடுக்கிய கண்ணாடி அலமாரி, ஓடாத கிரைண்டர், மாமனார் காலத்து டிரங்குப் பெட்டி, கட்டில்கள் எல்லாம் சேர்த்து 118 சதுர அடி தரை. நாங்கள் ஐந்து பேரும் மீதியில் இருந்திருக்கிறோம்.

மகளின் கையெழுத்தில் இரண்டு வரி. ஏழு நாளும் கிட்டத்தட்ட அதே வரி.

“10.15 - 11.40. படி.”

“6.50. டிரெஸ் மாத்த வெயிட் பண்ணேன். 12 நிமிஷம்.”

படி என்றால் படிப்பு என்று நினைத்து ஒருமுறை வாசித்துவிட்டேன். மறுபடி வாசித்தபோதுதான் புரிந்தது. மாடிப்படி. நாங்கள் விளக்கை அணைத்துப் படுத்த பிறகு அவள் கீழ்வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில், படி திரும்பும் இடத்தில், அந்த ஜீரோ வாட் பல்பின் கீழே உட்கார்ந்து படித்திருக்கிறாள். காலையில் அப்பா பல் தேய்த்து, தம்பி சட்டை போட்டு, பாட்டி சாமி கும்பிட்டு முடித்து, எல்லாரும் அந்த அறையைவிட்டு வெளியே வரக் காத்து நின்றிருக்கிறாள். அவள் ஒருநாளும் இதைச் சொன்னதில்லை. கேட்டதற்கு, “எல்லாருக்கும் எடம் வேணும்லம்மா” என்றாள். நோட்டை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அடுப்படியிலேயே நின்றேன்.

நோட்டில் இன்னொரு கணக்கும் தெரிந்தது, அது நான் எதிர்பாராதது. எங்கள் வாழ்க்கையில் நல்ல பங்கு எங்கள் வீட்டில் நடக்கவே இல்லை. டியூஷன் பிள்ளைகளின் செருப்பும் பையும் கீழ்வீட்டு அக்காவின், நாங்கள் இத்தா என்று கூப்பிடுபவரின், வராந்தாவில். ஆறு பேருக்கு மேல் வந்தால் இரண்டு பேர் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். அத்தையின் மத்தியானம் முழுக்க இத்தாவோடு. நோன்பு மாதத்தில் இத்தாவின் தங்கச்சிமார் வந்தால் இரண்டு பேர் எங்கள் கூடத்தில் படுப்பார்கள். பையனின் மைதானம் சந்து. இவர் வேலை பார்க்கும் குடோனிலிருந்து வரும்போது சட்டையெல்லாம் மிளகுத் தூசியும் சுக்குக் காரமும் இருக்கும்; வீட்டுக்குள் நுழைந்தால் அத்தைக்கு இருமல் வந்துவிடும். கீழே முற்றத்துக் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் மேலே வருவார். அந்தக் குழாயடியும் இத்தாவுடையது. எல்லாம் கூட்டினால், 410-க்கு வெளியே இன்னொரு 200 சதுர அடியாவது கடன் வாங்கி வாழ்ந்திருக்கிறோம். காக்கநாட்டு ஒன்பதாவது மாடியில் இதற்கு ஈடு கிடையாது. அங்கே 960 என்றால் 960-தான்.

இந்தப் பேச்சைக் கேட்டு யாராவது, சந்து இருக்கிறதே, ஏழைகளுக்கு வீடு சின்னதாக இருந்தால் என்ன என்று சொல்லிவிடக்கூடாது என்றும் பயமாக இருக்கிறது. சந்து கதவாகாது. இத்தாவின் வராந்தாவில் என் மகள் துணி மாற்ற முடியாது.

மழையைச் சொல்ல மறந்தேன். கொச்சியில் வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது, அதில் பெரும்பங்கு ஜூனிலிருந்து செப்டம்பருக்குள். அந்த நான்கு மாதம் வீட்டுக்குள் கொடி கட்டி, ஐந்து பேர் துணியின் நடுவே குனிந்து குனிந்து நடப்போம். வீடு பாதியாகிவிடும். வேலி மைதானத்துப் பக்கம் டோபி கானாவில் நம் தமிழ் வண்ணார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சலவை செய்கிறார்கள். 1976-இல் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் (ஜி.சி.டி.ஏ.) கட்டிக்கொடுத்த இடம். அங்கே கிளிப் இல்லாமல், இரண்டு கயிறு முறுக்கி, அந்த முறுக்கில் துணி முனையைச் செருகிக் காயப்போடுவதைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். எவ்வளவு இடம்! ஊருக்கு ஒரு பொதுக் காயவிடும் கூரை இருந்தால் ஒவ்வொரு வீட்டிலும் முப்பது சதுர அடி மிச்சம். துருத்தி மாதிரிக் கோபுரங்களில் மொட்டைமாடியில் கூரை போட்டு இதற்கென்றே விட வேண்டும்.

மாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பஜார் ரோட்டில் இவர் கணக்கு எழுதும் குடோனில் மூட்டையெல்லாம் லாரி ஏறிப் போய்த் தரை காலியாகக் கிடந்தது. முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, ஒரு பெட்டி சாக்பீஸோடு ஐந்து பேரும் போனோம். மூன்று வீடுகளை முழு அளவில் தரையில் வரைந்தோம். முதலில் இருக்கிற 410. பிறகு காக்கநாடு. கடைசியாக, நான்கு சந்து தள்ளி அப்போதுதான் தரகர் காட்டியிருந்த ஒரு மாடி வீடு. பணயம் 9 லட்சம், 590 சதுர அடி, இரண்டு அறை, இரண்டு கக்கூஸ், மேலே தகரக் கூரை போட்ட மொட்டைமாடி.

இருக்கிற வீட்டை வரைந்து முடித்ததும் அத்தை சுற்றிப் பார்த்துவிட்டு, “இம்புட்டுதானா நம்ம வீடு?” என்றார். பிறகு காக்கநாட்டுக் கூடத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

“ஏ பிள்ள, இங்கன உக்காந்தா ரோட்டுல யாரு போறா, யாரு வாறான்னு தெரியுமா?”

“ஒன்பதாவது மாடி அத்தை. வானம் நல்லாத் தெரியும்.”

“வானத்த வச்சு நான் என்ன செய்ய?”

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு 590-க்கு வந்தார். சந்தைப் பார்த்த சன்னல் எங்கே வரும் என்று கேட்டு, அங்கே போட்டுக்கொண்டார். எழுந்திருக்கவில்லை. பையன் மூன்று வீட்டுச் சுவர்களையும் தாண்டித் தாண்டி ஓடிக்கொண்டிருந்தான். இவர் வாசல் பக்கம் குந்தி, படிக்குக் கீழே குழாய் வைக்க இடம் இருக்கிறதா என்று நான்கடிக்கு நான்கடி கோடு போட்டார்.

மகள் இரண்டாவது அறைக்குள் நின்றாள். எட்டுக்குப் பத்து. ஒரு கட்டில், ஒரு மேசை வரைந்திருந்தோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “கதவு எங்கம்மா வரும்?” என்றாள்.

நாங்கள் எந்த வீட்டிலும் கதவே வரையவில்லை. அறை அறையாகக் கோடு இழுத்திருந்தோம், அவ்வளவுதான். இவர் எழுந்து வந்து, கோட்டை இரண்டரை அடிக்குக் காலால் அழித்து, கதவு திறக்கும் வளைவைப் போட்டுக் காட்டினார். வளைவு கட்டிலில் இடித்தது. கட்டிலை அழித்து அடுத்த சுவரில் போட்டார். இடிக்கவில்லை. அவள் அவர் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி, உள்ளே நின்றபடி, அழித்த இரண்டரை அடியையும் மெதுவாகக் கோடு போட்டு அடைத்தாள். அடைத்துவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டி, மேசை வரைந்திருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

அங்கேயே முடிவாகிவிட்டது. 590.

கண்ணாடி அலமாரியும் ஒரு பீரோவும் கிரைண்டரும் போய்விட்டன. டிரங்குப் பெட்டி அத்தையின் சன்னலடியில் இருக்கிறது, அதன்மேல்தான் இப்போது சந்தில் போகிறவர்கள் ஏறி வந்தால் உட்கார இடம். காலி செய்யும் அன்று இத்தா படியடியில் நின்று அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, “நிங்ஙள் போயா பின்னெ ஞான் ஆரோடு மிண்டும்?” என்று கேட்டார். இனி யாரோடு பேசுவேன் என்று. நான்கு சந்துதான். அத்தை முழங்கால் வலியோடு தினமும் மத்தியானம் நடந்து போகிறார். நடக்க முடியாத நாளில் இத்தா இங்கே வருகிறார்.

பையனுக்கு இன்னும் மூன்று வருஷத்தில் ஒரு கதவு வேண்டும். மொட்டைமாடித் தகரக் கூரையில் கொடி கட்டியது போக மேற்குப் பக்கம் ஒரு மூலை இருக்கிறது. நேற்று அளந்து நோட்டில் எழுதி வைத்தேன். ஏழுக்கு ஒன்பதரை.